கிளிக்குக்குக் காசு போகிறது, கமிஷன் வரவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

தேடல் விளம்பரத்துக்குக் காசு கொடுத்து ஆட்களை வரவழைத்து, பிறர் பொருளை விற்றுத் தந்து கமிஷன் வாங்கும் அஃபிலியேட் தொழிலில் இது அடிக்கடி நடக்கும்: விளம்பரக் கணக்கில் ஒரு எண், கிளிக்குகளைப் பின்தொடரும் மென்பொருளான டிராக்கரில் இன்னொரு எண், விற்பனையாளருக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று கமிஷனைக் கணக்கிடும் அஃபிலியேட் நெட்வொர்க்கில் மூன்றாவதாக ஒரு எண். இப்படி மூன்றும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது பலரும் செய்வது, நான்காவதாக ஒரு மென்பொருளை வாங்குவதுதான். அது பெரும்பாலும் வீண்செலவு. இந்தத் தொழிலில் கருவி போதாமல் வருகிற சிக்கல் கொஞ்சம்; ஒரு கருவி தன்னிடம் இருக்கும் தகவலை அடுத்த கருவியிடம் ஒப்படைக்கும் இடத்தில் வருகிற சிக்கல்தான் அதிகம். அதனால் கருவிகளை வரிசைப்படுத்தாமல், கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கலாம். உதாரணங்கள் கூகுள் ஆட்ஸிலிருந்து. மைக்ரோசாஃப்ட் அட்வர்டைசிங்கில் சில பெயர்கள் மாறும், தேடும் முறை ஏறக்குறைய இதேதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கணக்கில் நடந்த மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச் ஹிஸ்டரியைத் திறந்து, கோளாறு தொடங்கிய தேதிக்கு முன் என்ன மாறியது என்று பாருங்கள். பரிந்துரைகளைத் தானாகவே அமல்படுத்தும் 'ஆட்டோ அப்ளை' வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் கை வைக்காமலேயே புதிய கீவேர்டுகள் (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று கொடுக்கும் சொற்கள்) சேர்ந்திருக்கும், பிட்டிங் (கிளிக்குக்கு விலை கேட்கும்) முறைகூட மாறியிருக்கும். சில சமயம் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

கிளிக் வருகிறது, விற்பனை பூஜ்யம்

விற்பனை உண்மையிலேயே நடக்கவில்லையா, நடந்தும் பதிவாகவில்லையா? இது தெரியாமல் கீவேர்டையோ பிட்டையோ மாற்றினால் நல்ல கீவேர்டைக் கொன்றுவிடுவீர்கள்.

முதலில் சின்னக் கணக்கு. உங்கள் பக்கத்துக்கு வரும் 100 பேரில் 15 பேர் விற்பனையாளரின் தளத்துக்குப் போகிறார்கள், அங்கே 100-க்கு 2 பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். அப்படியானால் 100 கிளிக்குக்கு எதிர்பார்க்க வேண்டியது 0.3 விற்பனை. 100 கிளிக்கில் பூஜ்யம் வந்தால் அது கோளாறே இல்லை. 1,500 கிளிக் கடந்தும் பூஜ்யம் என்றால் சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்தால் சங்கிலியை முனையிலிருந்து முனை வரை சோதியுங்கள். சொந்த விளம்பரத்தைக் கிளிக் செய்யாதீர்கள். லேண்டிங் பேஜின் (விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் வந்து இறங்கும் உங்கள் பக்கத்தின்) யூஆர்எல்லை எடுத்து, கடைசியில் ஜிசிஎல்ஐடி (gclid, ஒவ்வொரு விளம்பரக் கிளிக்குக்கும் கூகுள் கொடுக்கும் அடையாளம்) அளவுருவைக் கையால் சேர்த்து, மதிப்பாகப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த ஒரு சொல்லைப் போடுங்கள். குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'பிரிசர்வ் லாக்' பெட்டியை டிக் செய்துவிட்டு அந்த முகவரிக்குப் போங்கள். பக்கம் திறந்து முடிந்ததும் முகவரிப் பட்டையில் அந்த அளவுரு இன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் நடுவில் ஏதோ ஒரு ரீடைரக்ட் (ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் திருப்புவது) அதை விழுங்கிவிட்டது. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுவது, மூன்று டபிள்யூவைச் சேர்ப்பது அல்லது நீக்குவது, மொழி பார்த்துத் திருப்பி அனுப்புவது, இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். எந்த வரியில் காணாமல் போனது என்பதை நெட்வொர்க் பதிவே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் அதே பக்கத்தில் உள்ள அஃபிலியேட் இணைப்பைக் கிளிக் செய்யுங்கள். டிராக்கர் கொடுத்த கிளிக் ஐடி, நெட்வொர்க்கின் சப் ஐடி அளவுருவில் (உங்கள் சொந்தக் குறியை இணைப்போடு அனுப்பும் இடத்தில்) ஏறிப் போகிறதா? இந்த அளவுருவின் பெயர் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் வேறு: சிஜேயில் எஸ்ஐடி, கிளிக்பேங்கில் டிஐடி, ரகுடெனில் யு1, இம்பாக்ட்டில் சப்ஐடி1. ஒன்றின் பெயரை இன்னொன்றின் இணைப்பில் ஒட்டிவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இணைப்பு வேலை செய்யும், விற்பனை பதிவாகும், கமிஷனும் வரும். எந்தக் கீவேர்டு அதைக் கொண்டுவந்தது என்பது மட்டும் தெரியாது. டிராக்கரில் பூஜ்யமும் நெட்வொர்க்கில் விற்பனையும் ஒருசேரத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது போஸ்ட்பேக். விற்பனை நடந்ததும் நெட்வொர்க்கின் சர்வர் உங்கள் டிராக்கரின் சர்வருக்கு அனுப்பும் தகவல் அது. டிராக்கரில் உள்ள போஸ்ட்பேக் பதிவைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே வந்திருக்காவிட்டால் நெட்வொர்க் பக்கம் அமைக்கவில்லை. வந்தும் கிளிக் ஐடி இருக்க வேண்டிய இடத்தில் சுருள் அடைப்புக்குறியோடு மாக்ரோவின் (மதிப்பு வந்து நிரம்ப வேண்டிய இடக்குறியின்) பெயரே உட்கார்ந்திருந்தால், வேறொரு நெட்வொர்க்கின் மாதிரியை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தைச் சோதிக்க உங்கள் சொந்த இணைப்பு வழியாகப் பொருள் வாங்காதீர்கள். பல திட்டங்களில் அது விதிமீறல். விற்பனையாளரின் அஃபிலியேட் மேலாளரிடம் கேட்டால் சோதனை ஆர்டர் ஒன்று போட்டுத் தருவார்.

விற்பனையைத் திரும்பவும் கூகுள் ஆட்ஸில் பதிவேற்றுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஜிசிஎல்ஐடியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம். தரவுத்தளமோ ஏதாவது ஒரு இணைப்புச் செயலியோ எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டால், பதிவேற்றம் போகும், ஆனால் அந்தக் கிளிக்கே இல்லை என்று திரும்பி வரும். மேலே சோதனைச் சொல்லில் இரண்டு வகை எழுத்தையும் கலக்கச் சொன்னது இதற்காகத்தான். கிளிக் நடந்து 90 நாள் தாண்டிய விற்பனையை இப்படி ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விற்பனை எண்ணிக்கை குறைந்தால், டிராக்கரில் பிரவுசர் வாரியான அறிக்கையை எடுங்கள். சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (வேறு தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளை) முழுதாகத் தடுக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதும் சொந்தத் தளக் குக்கீயைக்கூட 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை, சில சூழல்களில் 24 மணி நேரம்தான். ஆகவே விற்பனையாளர் தளத்துக்குப் போகும் விகிதம் சஃபாரியிலும் குரோமிலும் ஒன்றாக இருந்து, விற்பனை மட்டும் சஃபாரியில் பாதியாக இருந்தால், ஐபோன்காரர்கள் வாங்குவதில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிக்சலை (பிரவுசரில் ஓடும் சின்ன டிராக்கிங் குறியீட்டை) நம்பும் டிராக்கிங்கை சர்வர் போஸ்ட்பேக்குக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

மூன்று கருவி, மூன்று எண்

எண்கள் சரியாக ஒத்துப்போகவே போகாது. அதற்காக ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள். இடைவெளி எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். திடீரென்று விரிந்தால் மட்டும் துரத்துங்கள் என்பது என் கருத்து.

துரத்தும்போது முதலில் நேர மண்டலம். விளம்பரக் கணக்கு ஒன்றில், நெட்வொர்க் இன்னொன்றில் இருந்தால் மாத எல்லையில் விற்பனைகள் இடம் மாறித் தெரியும். அடுத்தது தேதி. கூகுள் ஆட்ஸ் வழக்கமான கன்வெர்ஷன் (விளம்பரத்தால் கிடைத்த பலன், இங்கே விற்பனை) பத்தியில், அதாவது அறிக்கையின் நெடுவரிசையில், விற்பனையைக் கிளிக் நடந்த நாளில் வைக்கும். நெட்வொர்க் விற்பனை நடந்த நாளில் வைக்கும். ஒப்பிட வேண்டுமானால் கன்வெர்ஷன் நேரப்படி கணக்கிடும் தனிப் பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரக் கணக்கில் மட்டும் விற்பனை இரட்டிப்பாகத் தெரிந்தால், கூகுள் அனலிட்டிக்ஸிலிருந்து இறக்குமதி செய்த கன்வெர்ஷனும் ஆட்ஸ் டேகின் (தளத்தில் ஒட்டிய கூகுள் ஆட்ஸ் குறியீட்டின்) கன்வெர்ஷனும் இரண்டுமே 'பிரைமரி'யாக (கணக்கில் எண்ணப்படுவதாக) இருக்கும். ஒன்றை 'செகண்டரி' (பார்வைக்கு மட்டும்) ஆக்கினால் போதும். வாங்கிய பிறகு வரும் நன்றிப் பக்கத்தை யாராவது ரீஃப்ரெஷ் செய்தாலும் எண்ணிக்கை ஏறும். அதற்கு டிரான்ஸாக்‌ஷன் ஐடி (ஒவ்வொரு ஆர்டருக்குமான தனி எண்) அனுப்ப வேண்டும்.

டிராக்கரில் கிளிக் குறைவாகத் தெரிவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2018 அக்டோபர் இறுதியிலிருந்து சர்ச் விளம்பரங்களில் பேரலல் டிராக்கிங் கட்டாயம். அதாவது ஆள் நேராக லேண்டிங் பேஜுக்குப் போய்விடுவார், டிராக்கரின் முகவரி பின்னணியில் தனியாக ஓடும். அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்து டிராக்கரை ரீடைரக்ட் முறையில் அமைத்திருந்தால் கிளிக் ஐடி லேண்டிங் பேஜுக்கு வந்துசேராது. இப்போதைய டிராக்கர்கள் பெரும்பாலானவற்றில் ரீடைரக்ட் இல்லாத ஸ்கிரிப்ட் முறை இருக்கிறது, அதற்கு மாறுங்கள்.

குவாலிட்டி ஸ்கோர் 3-லேயே நிற்கிறது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கணக்கின் முகப்பில் சதவீதமாகத் தெரியும் ஆப்டிமைசேஷன் ஸ்கோர் வேறு. கூகுளின் பரிந்துரைகளை நீங்கள் எந்த அளவுக்குக் கையாண்டிருக்கிறீர்கள் என்பதையொட்டி நகரும் எண் அது. பரிந்துரையை நிராகரித்தாலும் ஏறும். குவாலிட்டி ஸ்கோர் கீவேர்டுக்கு 1 முதல் 10 வரை தரப்படுவது. அதுகூட ஏலத்தில் (ஒவ்வொரு தேடலின்போதும் எந்த விளம்பரம் எங்கே வரும் என்று முடிவாகும் போட்டியில்) நேரடியாகச் சேர்க்கப்படுவதில்லை, நோய் அறிய உதவும் அளவுகோல் மட்டுமே. ஏலத்தின்போது தரம் தனியாக, அந்த நொடியில் கணக்கிடப்படுகிறது. ஆகவே 6-ஐ 8 ஆக்குவதையே குறிக்கோளாக வைத்துக்கொண்டு உழைப்பதில் அர்த்தமில்லை. எண்ணுக்குப் பதில் கோடு தெரிந்தால் போதிய தரவு இல்லை என்று பொருள், காத்திருங்கள்.

ஸ்கோர் 3 என்பது தீர்ப்பு மட்டும்தான். காரணம் தெரிய வேண்டுமானால் மூன்று பத்திகளைச் சேர்க்க வேண்டும்: எதிர்பார்க்கப்படும் சிடிஆர் (விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் கிளிக் செய்பவர்களின் விகிதம்), விளம்பரப் பொருத்தம், லேண்டிங் பேஜ் அனுபவம். ஒவ்வொன்றும் சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று இருக்கும். கடந்த 90 நாளில் அதே கீவேர்டுக்கு விளம்பரம் காட்டிய மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் இந்த மதிப்பு. அதனால் நீங்கள் எதையும் தொடாமலே, போட்டியாளர் முன்னேறியதால் உங்கள் ஸ்கோர் இறங்கலாம்.

சிடிஆர் கீழே இருந்தால் விளம்பர வாசகம் மந்தமாக இருக்கிறது, அல்லது அந்தக் கீவேர்டைத் தேடுபவருக்கு உங்கள் பக்கம் வேண்டியதில்லை. இரண்டாவதை ஏற்றுக்கொள்வது கடினம், ஆனால் அஃபிலியேட் கணக்குகளில் அதுதான் நிறைய. தகவல் மட்டும் தேடுபவருக்கு ஒப்பீட்டுப் பக்கத்தைக் காட்டினால் யாரும் கிளிக் செய்யமாட்டார்கள். இங்கே ஒரு நுணுக்கம்: ஸ்கோர் உங்கள் கீவேர்டை அப்படியே தேடியவர்களின் தரவை வைத்துப் போடப்படுகிறது. ஆகவே மக்கள் உண்மையில் தேடிய சொற்களைக் காட்டும் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைப் பார்த்து நெகட்டிவ் கீவேர்டுகளை (விளம்பரம் வரக்கூடாத சொற்களை) சேர்த்தால் பணம் மிச்சமாகும், ஸ்கோர் எண் அசையாமல் இருக்கலாம். அசையவில்லையே என்று அந்த வேலையை நிறுத்திவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதை அந்த அறிக்கைக்கே கொடுப்பேன்.

பொருத்தம் கீழே இருந்தால் தீர்வு எளிது. ஒரே ஆட் குரூப்பில் (கீவேர்டுகளும் அவற்றுக்கான விளம்பரங்களும் சேர்ந்த தொகுப்பில்) வேறு வேறு நோக்கமுள்ள கீவேர்டுகள் அடைந்து கிடக்கின்றன, பிரித்துவிடுங்கள். கூகுள் ஆட்ஸ் எடிட்டரில் இதை மொத்தமாகச் செய்யலாம்.

லேண்டிங் பேஜ் கீழே இருந்தால் எல்லோரும் முதலில் வேகத்தைப் பார்ப்பார்கள். சரி, பாருங்கள்: பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் எல்சிபி (முக்கிய உள்ளடக்கம் தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள், ஐஎன்பி (அழுத்தினால் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லி நொடிக்குள், சிஎல்எஸ் (பக்கம் இடம் மாறிக் குதிக்கும் அளவு) 0.1-க்குள் இருந்தால் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. அதன்பிறகும் கீழேயே நின்றால், லேண்டிங் பேஜைச் சோதிக்கக் கூகுள் அனுப்பும் தானியங்கி பாட்டான ஆட்ஸ்பாட் உங்கள் பக்கத்துக்குள் வர முடிகிறதா என்று பாருங்கள். போலிக் கிளிக்கைத் தடுக்க வாங்கிய மென்பொருளோ, ஃபயர்வாலோ, தளத்தின் பாட் தடுப்போ ஆட்ஸ்பாட்டையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கும். தரத்தைக் காக்க வாங்கிய கருவி தரத்தைக் கெடுக்கும் இடம் இது. சர்வர் பதிவில் ஆட்ஸ்பாட்டின் வருகைகளுக்கு 403 (அனுமதி இல்லை) என்ற பதில் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம், விதிவிலக்குப் பட்டியலில் சேருங்கள். எந்த பாட் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) நட்சத்திரக் குறி போட்டு எல்லா பாட்களையும் தடுக்கும் விதியை ஆட்ஸ்பாட் பொருட்படுத்துவதில்லை. அதன் பெயரையே சொல்லித் தடுத்திருந்தால்தான் நிற்கும். ஏதாவது ஒரு பிளக்இன் அப்படி எழுதிவைத்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

விளம்பரம் நிராகரிக்கப்படுகிறது

'டெஸ்டினேஷன் மிஸ்மேட்ச்' என்று வந்தால், நீங்கள் கொடுத்த ஃபைனல் யூஆர்எல்லின் (விளம்பரம் போய்ச் சேர வேண்டிய முகவரியின்) டொமைனும் ஆள் கடைசியில் போய் இறங்கும் டொமைனும் வேறு. அஃபிலியேட் இணைப்பை ஃபைனல் யூஆர்எல்லாகவே கொடுத்தவர்களுக்கு இது வரும். டிராக்கிங் முகவரிக்கு டிராக்கிங் டெம்ப்ளேட் என்று தனி இடம் இருக்கிறது, அங்கே போடுங்கள். விற்பனையாளரின் தளத்துக்கே நேராக அனுப்புவதில் இன்னொரு தொல்லையும் உண்டு: விற்பனையாளரையும் அஃபிலியேட்டுகளையும் சேர்த்து, ஒரே டொமைனுக்கு ஒரு தேடலில் ஒரு விளம்பரம்தான் என்ற விதியைக் கூகுள் 2005-லேயே கொண்டுவந்தது. விற்பனையாளரே விளம்பரம் செய்தால் அவரோடு நீங்கள் மோத வேண்டியிருக்கும்.

சொந்த உள்ளடக்கம் போதாது என்று நிராகரித்தால், உங்கள் பக்கம் ஆளை வேறிடத்துக்குத் தள்ளிவிடுவதற்காக மட்டுமே இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். உண்மையான ஒப்பீடு, நீங்களே எடுத்த படங்கள், பொருளின் குறைகள் இவற்றைச் சேர்த்துவிட்டு மறுபரிசீலனை கேளுங்கள். ஆய்வாளருக்கு ஒரு பக்கம், பயனருக்கு வேறொரு பக்கம் என்று காட்டும் குளோக்கிங் மென்பொருட்கள் விற்கப்படுகின்றன. தொடாதீர்கள். கண்டுபிடித்தால் எச்சரிக்கையே இல்லாமல் கணக்கை முடக்குவார்கள்.

விற்பனை நன்றாக இருக்கிறது, கையில் ஒன்றும் நிற்கவில்லை

இந்த அறிகுறியோடு வருபவர்களில் பெரும்பாலோர் இபிசியை (கிளிக்குகளுக்குக் கிடைக்கும் வருமானத்தைக் காட்டும் எண்ணை) தவறாகப் படித்திருப்பார்கள். சிஜே போன்ற நெட்வொர்க்குகளில் இபிசி என்பது 100 கிளிக்குக்கான வருமானம், ஒரு கிளிக்குக்கு அல்ல. மேலும் அந்தக் கிளிக் விற்பனையாளரை நோக்கிப் போன கிளிக், உங்கள் விளம்பரத்தில் விழுந்த கிளிக் அல்ல. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு விற்பனைக்குக் கமிஷன் 30. நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். விற்பனையாளர் தளத்தில் 2.5 சதவீதம் பேர் வாங்குகிறார்கள். அங்கே போன ஒரு கிளிக்குக்கு 0.75 வருகிறது, நெட்வொர்க் 75 என்று காட்டும். ஆனால் ரத்து, திருப்பி அனுப்பியது எல்லாம் போக 80 சதவீத விற்பனைதான் அங்கீகாரம் பெறுகிறது. ஆக உண்மையில் 0.60. இதற்கும் மேலே, உங்கள் பக்கத்துக்கு வருபவர்களில் 40 சதவீதம்தான் விற்பனையாளரிடம் போகிறார்கள். ஆக ஒரு விளம்பரக் கிளிக்கின் மதிப்பு 0.24. 0.75-ஐ நம்பி 0.50 கொடுத்து வாங்கியவர் கிளிக்குக்கு 0.25 லாபம் என்று நினைத்துக்கொண்டு 0.26 இழக்கிறார்.

இதே கணக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்றும் சொல்லும். உங்கள் பக்கத்திலிருந்து விற்பனையாளரிடம் போகும் விகிதத்தை 40-லிருந்து 50 ஆக்கினால் கிளிக்கின் மதிப்பு 0.30 ஆகிறது. பொத்தான் திரையை நகர்த்தினால்தான் தெரியும் இடத்தில் ஒளிந்திருக்கிறதா, ஒப்பீட்டு அட்டவணை மொபைலில் உடைகிறதா என்பதை பக்கத்தில் ஆட்கள் செய்வதைப் பதிவு செய்யும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியின் பதிவுகளில் பார்த்தாலே தெரியும். அது இலவசம். குவாலிட்டி ஸ்கோரோடு மல்லுக்கட்டுவதைவிட இதில் பலன் சீக்கிரம் வரும்.

அங்கீகார விகிதம் ஒரு கட்டத்தில் சட்டென்று விழுந்தால் திட்டத்தின் விதிகளை மறுபடி படியுங்கள். பிராண்டு பெயரில் பிட் செய்யக்கூடாது என்று பல விற்பனையாளர்கள் விதித்திருப்பார்கள். நீங்கள் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் பிராட் மேட்ச் (கீவேர்டோடு தொடர்புள்ள மற்றத் தேடல்களுக்கும் காட்டும் முறை) உங்கள் விளம்பரத்தைப் பிராண்டுத் தேடல்களில் காட்டியிருக்கும். பிராண்டு பெயரை நெகட்டிவாகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அமேசான் அஸோசியேட்ஸில் தேடல் விளம்பரத்திலிருந்து நேராகவோ ரீடைரக்ட் வழியாகவோ அமேசானுக்கு அனுப்பவே கூடாது. சொந்தப் பக்கத்துக்குத்தான் அழைத்துவர வேண்டும். அங்கே கிளிக்கின் ஆயுளும் பொதுவாக 24 மணி நேரம்தான், ஆகவே யோசித்து வாங்கும் பொருட்களுக்கு மேலே உள்ள கணக்கு இன்னும் இறங்கும்.

ஸ்மார்ட் பிட்டிங் கண்டபடி செலவழிக்கிறது

கிளிக்குக்கான விலையைக் கூகுளே தானாக முடிவு செய்யும் முறைதான் ஸ்மார்ட் பிட்டிங். அதில் ஒரே நாளில் இருமடங்கு போனால் பயப்பட வேண்டாம். தினசரி பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை ஒரு நாளில் செலவாகலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. பல நாள் தொடர்ந்து போய், 'கன்வெர்ஷன்' நிறையத் தெரிந்து, கமிஷன் மட்டும் இல்லையென்றால் எதைக் கன்வெர்ஷன் என்று சொல்லிக்கொடுத்தீர்கள் என்று பாருங்கள். வெளியேறும் கிளிக்கை (உங்கள் பக்கத்திலிருந்து விற்பனையாளரிடம் போகும் கிளிக்கை) கன்வெர்ஷனாக வைத்தால், எந்தப் பொத்தானையும் அழுத்தும் ஆட்களை அது தேடித்தேடிக் கொண்டுவரும். அது கேட்டதைத்தான் கொடுக்கிறது. வெளியேறும் கிளிக்கை செகண்டரிக்கு மாற்றி, அங்கீகாரம் பெற்ற கமிஷன் தொகையையே மதிப்பாகப் பதிவேற்றுங்கள். மாதத்துக்கு நாலைந்து விற்பனைதான் என்றால் தானியங்கி முறைக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை; கிளிக்குக்கு உச்சவரம்பு வைத்துக் கையால் ஓட்டுவதே மேல்.

டிராக்கிங் சில நாள் அறுந்து கிடந்திருந்தால், அந்த நாட்களில் விற்பனையே இல்லை என்று அது பாடம் படித்திருக்கும். சரிசெய்த பிறகு 'டேட்டா எக்ஸ்க்ளூஷன்' வசதியில் அந்தத் தேதிகளை விலக்கிவிடுங்கள்.

கிளிக் திடீரென்று பொங்குகிறது

போட்டியாளரின் சதி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். விளம்பரம் வெளியான கூகுள் நெட்வொர்க் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். சர்ச் கேம்பெய்னில் டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் (விளம்பரம் காட்டும் பிற தளங்கள்) சர்ச் பார்ட்னர்களும் (கூகுளோடு சேர்ந்த மற்றத் தேடல் தளங்கள்) சேர்ந்திருக்கும். இடத் தேர்வில் அந்த ஊரில் 'ஆர்வம் உள்ளவர்கள்' என்ற வகையும் இருந்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கிளிக் வரும். இவற்றை மூடியும் தொடர்ந்தால் இன்வேலிட் கிளிக்ஸ் (செல்லாத கிளிக்குகள்) பத்தியைச் சேருங்கள். கூகுள் தானே வடிகட்டியதற்குப் பணம் எடுப்பதில்லை. போலிக் கிளிக் தடுப்பு மென்பொருட்கள் பெரும்பாலும் ஐபி முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்க்கின்றன. ஒரு கேம்பெய்னுக்கு 500 முகவரிதான் இடம். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபியை ஏராளமானோர் பகிர்வதால் நல்ல வாடிக்கையாளரும் சேர்ந்து போவார். சின்ன பட்ஜெட்டில் மீட்கும் தொகையைவிட மென்பொருளின் மாதச் சந்தா கூடுதலாக இருக்கும், கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

விளம்பரமே தெரியவில்லை

நீங்களே கூகுளில் திரும்பத்திரும்பத் தேடிப் பார்க்காதீர்கள். கிளிக் செய்யாமல் இம்ப்ரெஷனை (விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையை) மட்டும் ஏற்றினால் சிடிஆர்தான் கெடும். கணக்குக்குள் இருக்கும் ஆட் பிரிவியூ கருவியில் தேடினால் தெரிகிறதா, தெரியாவிட்டால் ஏன் என்று அதுவே சொல்லும். அதன்பின் இழந்த இம்ப்ரெஷன் பங்கைப் பாருங்கள். பட்ஜெட்டால் இழந்ததா, ரேங்க்கால் (பிட்டும் தரமும் சேர்ந்து தரும் இடத்தால்) இழந்ததா என்று இரண்டு பத்திகள் தனித்தனியாக உண்டு. பட்ஜெட் காரணம் என்றால், பணத்தைக் கூட்டும் முன் நஷ்டம் தரும் கீவேர்டுகளை நிறுத்துங்கள். ரேங்க் காரணம் என்றால், 0.24 போல உங்கள் கிளிக்குக்கு வந்த மதிப்பை எடுத்து, முதல் பக்கத்துக்கு வேண்டிய பிட் என்று கணக்கு காட்டும் தொகையோடு ஒப்பிடுங்கள். பிட் அதைவிட அதிகமென்றால் அந்தக் கீவேர்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.